ஆண்கள் படித்த பத்திரிகை



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் பழைய பத்திரிகை. பழைய பத்திரிகை என்றதும் கடைக்காரர் வடை மடித்துக் கொடுக்கும் தாள்தான் சிலருக்கு நினைவு வரும். நாம் சொல்வது அந்தத் தாள் கடைக்குப் போய்ச் சேருவதற்கு முந்திய கதை. வேலை முடிந்து, குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, வாசலில் சாய்வு நாற்காலி போட்டு அமர்ந்து, பெரிய மனிதர் ஒருவர் கையில் விரித்துப் பிடித்திருப்பாரே, அந்தப் பத்திரிகையின் கதை.

ஜொகூரில் கூலாய், லாயாங்-லாயாங், ரெங்கம், குளுவாங், லாபிஸ், சிகாமட் என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனாலும், எழுபதைத் தாண்டிய ஆண்கள் நாலு பேர் கோயில் திண்ணையில் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடும். விகடன் தீபாவளி மலர், கல்கியில் வந்த தொடர்கதை, பேசும் படத்தில் நடிகர் படம் என்று ஆரம்பிப்பார்கள். அடுத்த மூச்சிலேயே, ஐம்பது சிகரெட் அடங்கிய வட்டத் தகர டப்பா, தலைக்குத் தடவும் பிரில்கிரீம் புட்டி, ராலே சைக்கிள், நாய்ப் படம் போட்ட கிராமபோன் எல்லாம் வரிசையாக வந்துவிடும். "அந்தக் காலத்துச் சொகுசு இனி வருமா?" என்று முடிப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் பாட்டிமார்கள் இந்தப் பேச்சில் அநேகமாகக் கலந்துகொள்வதில்லை. ஏன் கலந்துகொள்வதில்லை என்பதைத்தான் நாம் சற்றே ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

முதலில் உலக நடப்பைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் பத்திரிகைக்கு 'மேகசின்' என்று பெயர். அது அரபு மொழியில் சரக்குக் கிடங்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1731-ஆம் ஆண்டு லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர் தொடங்கிய ஏட்டுக்குத்தான் அந்தச் சொல்லை முதன்முதலில் பெயராக வைத்தார்கள். அந்த ஏட்டின் பெயரிலேயே கனவான்கள் இருந்தார்கள்: 'ஜென்டில்மென்ஸ் மேகசின்'. ஆக, பல சரக்கும் சேர்த்து வைத்த கிடங்கு, அதன் சாவி ஆண்கள் கையில். இப்படித்தான் இந்தத் தொழில் பிறந்தது.

இருநூறு ஆண்டு கழித்து, 1933-இல், அமெரிக்காவில் 'எஸ்கொயர்' என்ற ஆண்கள் பத்திரிகை வந்தது. அதன் முதல் இதழில் பெரும் பகுதியைப் புத்தகக் கடைக்கு அனுப்பவில்லை. ஆண்களுக்கு உடை விற்கும் கடைகளில் வைத்து விற்கத்தான் அச்சடித்தார்கள். கோட்டு, தொப்பி, மது, மோட்டார் கார் என்று பக்கத்துக்குப் பக்கம் ஆசை காட்டும் ஏடு அது. விலை 50 அமெரிக்கக் காசு. உலகமே பொருளாதார மந்தத்தில் நசுங்கிக் கிடந்த நேரத்தில் அந்த விலைக்கு அது விற்றது. இன்று அந்தப் பழைய இதழ்களைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

அதே நேரத்தில் மலாயாவில் நம் முன்னோர் நிலை என்ன? 1920-களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் அரசாங்கம் நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மலாயாக் காசைவிட அமெரிக்கக் காசு பெறுமதி கூடியது. அப்படியானால் ஒரு நாள் முழுதும் பால்மரம் வெட்டினாலும் அந்த ஏட்டில் ஒன்று வாங்க முடியாது. அந்தக் கூலியும் 1930-இல் குறைக்கப்பட்டது. ரப்பர் விலை விழுந்ததும் பல்லாயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். இதைச் சொல்லும் நோக்கம் கண்ணீர் விடுவதற்கல்ல. பழைய ஏட்டில் பார்க்கும் பளபளப்பு, அந்தக் காலம் முழுவதும் அப்படித்தான் இருந்தது என்ற மயக்கத்தைத் தருகிறது. விளம்பரப் படம் ஒன்று; அதைப் பார்த்துக்கொண்டிருந்த வீடு வேறொன்று.

சரி, நம் தமிழுக்கு வருவோம். ஆனந்த விகடன் 1926-இல் தொடங்கியது. 1928-இல் அதை வாங்கிய எஸ். எஸ். வாசன், அதற்கு முன் விளம்பரத் தொழிலில் இருந்தவர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். சிரிப்பும் கதையும் சித்திரமும் ஒரு பக்கம், விளம்பரம் மறுபக்கம் என்று கலந்து கொடுக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. அங்கே ஆசிரியராக இருந்து பெயர் பெற்ற கல்கி, 1941-இல் தம் பெயரிலேயே வேறொரு பத்திரிகை கண்டார். 1942-இல் பேசும் படம், 1947-இல் குமுதம் வந்தன. இந்த ஏடுகளை மலாயாவுக்குச் சுமந்து வந்தவை கப்பல்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்த ரஜூலா கப்பலை நம் பெரியவர்களில் பலர் அறிவார்கள். அதுவும் 1926-இல்தான் கட்டப்பட்டது. 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. தீபாவளி மலர் கைக்கு வந்து சேரும்போது தீபாவளி முடிந்திருந்தாலும் யாரும் குறைபட்டுக்கொள்ளவில்லை.

உள்ளூர் ஏடுகளும் இருந்தன. கோலாலம்பூரில் தமிழ் நேசன் 1924-இல் பிறந்தது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935-இல் தமிழ் முரசைத் தொடங்கினார். ஜொகூர் பாலமும் ரயிலும் இருந்தபடியால் சிங்கப்பூர் நம் மாநிலத்துக்கு அடுத்த வீடு போலத்தான் இருந்தது. 1950-இல் தமிழ் நேசன் தொடங்கிய கதை வகுப்பு, தோட்டத்திலும் பட்டணத்திலும் இருந்த இளைஞர்களுக்குச் சிறுகதை எழுதச் சொல்லிக் கொடுத்தது. வெறும் வாசகர்களாக இருந்த நம்மவர்கள் எழுத்தாளர்களானது இப்படித்தான்.

ஆண்களுக்கென்று தனிப் பத்திரிகை தமிழில் இருந்ததா என்று சிலர் கேட்கலாம். தனியாக ஒன்று வேண்டியிருக்கவில்லை. பத்திரிகையே ஆண்களுடையதாக இருந்தது! தோட்டத்தில் அதை விலை கொடுத்து வாங்கியவர்கள் யார்? கிராணி, டிரெஸர், பள்ளி ஆசிரியர், கையில் காசு புழங்கிய கங்காணி. முடிதிருத்தும் இடத்தில் ஒன்றிரண்டு கிடக்கும். பெண்களுக்கென்றுதான் தனியாக ஏடு வேண்டியிருந்தது. 1925-இல் ஜகன்மோகினி என்ற மாத இதழை ஏற்று நடத்தத் தொடங்கிய வை. மு. கோதைநாயகி அம்மையாரை இங்கே நினைக்கிறோம். தம் முதல் நாடகத்தை அவர் தம் கையால் எழுதவில்லை. அப்போது அவருக்கு எழுதத் தெரியாது. வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக்கொண்டார். எழுத்தறியாமல் தொடங்கிய பெண்மணி பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகை நடத்தினார். வெற்றிலை இடிக்கும் பாட்டிமார்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்லிப் பாருங்கள். அப்போது பேச்சில் கலந்துகொள்வார்கள்.

இப்போது அந்த ஏடு தோட்டத்துக்குள் எப்படிப் பயணம் செய்தது என்று பார்ப்போம். இதைப் பெரியவர்கள் பலரிடம் நாங்கள் கேட்டு வைத்திருக்கிறோம். ஒரே ஓர் இதழ்தான் வரும். முதலில் கிராணி வீடு. அங்கே படித்து முடிய ஒரு வாரம். பிறகு டிரெஸர் வீடு, அப்புறம் ஆசிரியர் வீடு. ஆசிரியர் வீட்டிலிருந்து, கெஞ்சிக் கேட்ட ஒருவர் கைமாற்றாக லயத்துக்குக் கொண்டுபோவார். லயத்தில் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் உரக்கப் படிப்பார். மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி ஆண்கள். கொஞ்சம் தள்ளி, அடுப்படியை ஒட்டி, வேலையை நிறுத்தாமலே காதை நீட்டிக்கொண்டு பெண்கள். பிள்ளைகள் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. 1950 முதல் 1954 வரை கல்கியில் பொன்னியின் செல்வன் வாராவாரம் வந்தபோது, இதழ் வந்து சேரத் தாமதமானால் வந்தியத்தேவன் என்ன ஆனான் என்று பால் எடைபோடும் இடத்தில் சண்டையே நடக்குமாம். அந்தக் கதையில் ஓர் எழுத்தைக்கூடத் தாமாகப் படித்தறியாத பெண்கள், நந்தினி பேசியதை அப்படியே திருப்பிச் சொல்வார்கள். ஆண்கள் கண்ணால் படித்ததைப் பெண்கள் காதால் படித்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். யார் வாசகர், யார் வாசகரல்லர் என்று நாம் எப்படிப் பிரிப்பது?

படித்துப் படித்துத் தாள் நைந்த பிறகும் அதன் வேலை முடியவில்லை. பலகைச் சுவரின் இடுக்கில் காற்றும் பூச்சியும் வராமலிருக்க, கஞ்சிப் பசை தடவி அந்தப் பக்கங்களை ஒட்டினார்கள். பாயில் படுத்த பிள்ளையின் கண்ணுக்கு நேரே பெரிய எழுத்தில் சோப்பு விளம்பரம், பவுடர் விளம்பரம், குறுக்கெழுத்துப் போட்டி. பள்ளிக்கு வருமுன்பே சுவரைப் பார்த்து எழுத்துக் கூட்டிய பிள்ளைகள் இருந்தார்கள். பாடநூல் செய்யும் வேலையை விளம்பரம் செய்தது. விளம்பரக்காரர்கள் இதை எண்ணியா செய்திருப்பார்கள்?

அந்த விளம்பரங்கள் காட்டிய பொருள்களைப் பற்றியும் நேர்மையாகப் பேசிவிடுவோம். அழகாகக் கால்மேல் கால் போட்டு, புகையை வளையம் வளையமாக விடும் கனவான் படம் பழைய ஏடுகளில் ஏராளம். அந்தத் தகர டப்பாவைத் தாத்தா இன்றும் துடைத்து வைத்திருப்பார். வைத்திருக்கட்டும், நல்ல டப்பாதான். ஆனால் அந்தப் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-இலேயே இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இருவர் ஆராய்ந்து வெளியிட்டார்கள். 1964-இல் அமெரிக்க அரசாங்க மருத்துவ அறிக்கையும் அதை உறுதியாகச் சொன்னது. அதற்குப் பிறகும் பல்லாண்டுகள் கனவான் படம் வந்துகொண்டேதான் இருந்தது. தோட்டத்து ஆண்கள் எல்லாரும் டப்பா சிகரெட்டுப் பிடித்தவர்களல்லர். பலருக்கு பீடியும் சுருட்டும்தான். சம்பள நாளில் மட்டும் ஒரு டப்பா, அதுவும் கடைக்கணக்கில். அந்தக் கணக்கை அடைத்தது யார் கூலி என்று கேட்டால், மறுபடி நாம் பாட்டிமார் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒரே மரம் வெட்டி, ஒரே வாளி சுமந்து, 50-க்குப் பதில் 40 வாங்கியவர்கள் அவர்கள்.

சொகுசு என்பதற்குக் காலத்துக்குக் காலம் பொருள் மாறும். ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, இந்தியாவிலிருந்து கப்பலில் ஏடுகள் வருவது நின்றுபோனது. சிகரெட்டும் கிராமபோனும் எங்கே! ஒரு முழம் துணி சொகுசு, ஒரு தீப்பெட்டி சொகுசு. சாக்குத் துணியைக் கட்டிக்கொண்டு மரவள்ளிக் கிழங்கில் உயிர் வளர்த்தார்கள். சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோன ஆண்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. வாசலில் உட்கார்ந்து படித்தவர் போய், வெறும் நாற்காலி மட்டும் கிடந்த வீடுகள் ஜொகூரில் உண்டு.

அடுத்து வந்தது 1948-இல் அவசரகாலம். காட்டிலிருந்தவர்களுக்கு உணவு போகக்கூடாது என்று, கடையில் விற்கும் தகர டின்னை விற்கும்போதே ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும் என்று கட்டளை. ஓட்டை போட்ட பால் டின்னை வைத்துக்கொள்ள முடியாது. அன்றே தீர்க்க வேண்டும். காலி டின் அரிசி அளக்கும் படியாயிற்று. இன்றும் சில வீடுகளில் "ரெண்டு டின் அரிசி போடு" என்கிறார்கள். பிஸ்கட் டின் பிறப்புப் பத்திரம் வைக்கும் பெட்டியானது. சாமான் தீர்ந்துபோன பிறகுதான் டின் நம் வீட்டுக்குச் சொந்தமானது.

இந்தப் பொருள்களில் ஒன்றை மட்டும் நாம் வேறாக வைக்க விரும்புகிறோம். அது வானொலிப் பெட்டி. நாங்கள் வானொலியில் பேசுவதால் வானொலியைப் புகழ்கிறோம் என்று எண்ண வேண்டாம். மலாயா வானொலி 1946-இல் தொடங்கியது. முதலில் வந்த பெட்டிகள் பெரியவை. மின்சாரமில்லாத லயத்தில் அவற்றுக்குக் கனமான பேட்டரி வேண்டும். பிறகு 1950-களின் நடுவில் உலகச் சந்தைக்கு டிரான்சிஸ்டர் பெட்டி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக லயத்துக்கும் வந்தது. பல வீடுகளில் அதை வாங்கியது ஆணின் சம்பளத்தில் அல்ல, பெண்கள் தங்களுக்குள் பிடித்த கூட்டுப் பணத்தில். கூட்டு பிடிப்பதை 1971-இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். பணத்தோடு ஓடிப்போன ஆள்களால் வந்த வினை அது. ஆகவே இதைக் கேட்டு யாரும் மறுபடி தொடங்கிவிடாதீர்கள். ஆனால் எழுத்தறியாத பெண் ஒருத்தி, யாரையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்காமல், தன் கையாலேயே திருகி நாடகமும் செய்தியும் பாட்டும் கேட்ட முதல் பொருள் அந்தப் பெட்டிதான். வானொலிப் பெட்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் பாட்டிமார்கள் வெற்றிலை உரலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். நாங்கள் கண்ணால் கண்டது இது.

நேயர்களே, இந்தப் பழைய கதையை இப்போது பேச ஓர் அவசரமான காரணம் இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் விற்கப்பட்டுவிட்டன. லயம் இடிபடும்போது முதலில் வெளியே வந்து விழுவது தாள்தான். பழைய தாளை எடைக்கு வாங்க லாரி வருகிறது. கிலோவுக்குச் சில காசு. இப்படிப் போன கட்டுகளுக்குள் தீபாவளி மலர் மட்டும் போகவில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீசு, இளைஞர் மன்ற நாடக அறிக்கை, தாத்தா எழுதி ஞாயிறு பதிப்பில் அச்சான கதை, பத்திரிகையின் ஓரத்தில் பென்சிலால் குறித்த பிள்ளை பிறந்த தேதி எல்லாம் போய்விட்டன. 1924-இல் பிறந்த தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுவிட்டது. அச்சகம் நின்ற பிறகு, வீட்டில் இருக்கும் பிரதி ஒவ்வொன்றும் ஓர் ஆதாரம்.

தாளைக் காப்பது படித்த பெரிய மனிதர் வேலை என்று நினைக்க வேண்டாம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுவது அவர் தொழில். பழைய நூல், பத்திரிகை, நாடக நோட்டீசு, திருமண அழைப்பு என்று மற்றவர் கழித்ததையெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு அமெரிக்கச் சிக்காகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, நாட்டைவிட்டு எடுத்துப் போகாமல் சென்னையிலேயே நூலகமாக்க உதவியது. இன்று தமிழ் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அங்கே போய்க் காத்திருந்து படிக்கிறார்கள். தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவாக்கி, வீட்டிலிருந்தே பார்க்கும்படி வைத்திருக்கிறது. தாத்தா பெயரைத் தேட விரும்பும் பிள்ளைகள் ஆசிரியரின் உதவியோடு தேடலாம். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கும் தோட்டத்து மக்களுக்கும் பழைய உறவு உண்டு. 1950-களில் அந்தத் துறைக்காகத் 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது, ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தவர்களில் பால்மரத் தொழிலாளர்கள் ஏராளம்.

வீட்டில் இருப்பதை எப்படிக் காப்பது? பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அதிலுள்ள பொருளே அதை மஞ்சளாக்கி நொறுக்கிவிடும். ஆகவே வெயிலில் காயப் போடாதீர்கள். நம்மவர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் கெடுதல் இது. நிழலில், காற்றாட வைத்தால் போதும். கிழிந்த இடத்தில் ஒட்டு டேப் போடாதீர்கள். சில ஆண்டில் அதன் பசை பழுப்பாகி எழுத்தையும் தின்றுவிடும். பிளாஸ்டிக் உறையில் சூடு வைத்து ஒட்டுவதும் வேண்டாம். மூடியுள்ள, துருப்பிடிக்காத தகரப் பெட்டியில், மடிக்காமல் படுக்கையாக வையுங்கள். பெட்டி தரையில் இருக்கக்கூடாது. கரையான் தரைவழியே வரும். இராமபாணப் பூச்சிக்கு ஈரம் பிடிக்கும். மாதம் ஒரு தடவை திறந்து பார்த்தாலே பாதிப் பூச்சி ஓடிவிடும்.

நம் மாநிலத்தில் ஆண்டுக் கடைசி மழை என்றால் சும்மா அல்ல. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கியது நினைவிருக்கும். ஏடு நனைந்துவிட்டால் பக்கங்களைப் பிரித்து இழுக்காதீர்கள், கையோடு வந்துவிடும். நீர் வடிந்ததும் இடையிடையே வெள்ளைத் தாளோ சுத்தமான துணியோ செருகி, அடிக்கடி மாற்றி, விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். உடனே முடியாவிட்டால் ஒரு பையில் சுற்றிக் குளிர்பெட்டியின் உறைபனி அறையில் வைத்துவிடலாம். பூஞ்சணம் பிடிக்காமல் சில வாரம் தாங்கும். பிறகு ஆற அமர உலர்த்தலாம். மீன் வைக்கிற இடத்தில் விகடனா என்று வீட்டில் சண்டை வரலாம், சமாளித்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில் பக்கத்தை விரித்து, மேலிருந்து நேராகப் படம் எடுங்கள். அட்டையையும் தேதி இருக்கும் பக்கத்தையும் தவறாமல் எடுக்க வேண்டும். விளம்பரப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள்; அந்தக் கால விலைவாசி அங்கேதான் இருக்கிறது. பிறகு ஒரு துண்டுத் தாளில் பென்சிலால், இது யார் வாங்கியது, எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் லயம், யார் படித்துக் காட்டினார், யார் யார் கேட்டார்கள் என்று எழுதி ஏட்டோடு சேர்த்து வையுங்கள். கடைசிக் கேள்விக்கு விடை தாத்தாவிடம் இல்லாவிட்டால், பாட்டியைக் கேட்டு எழுதுங்கள்.